நண்பகல் மணி



தரமணியில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் ஒரு தம்பி சில வாரங்களுக்கு முன் என்னைப் பார்க்க வந்தார். அலுவலகத்தில் ஆட்குறைப்பு வரப்போவதாகப் பேச்சு. வீட்டுக் கடனோ இன்னும் பாதிகூட அடையவில்லை. "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது ஃபாதர். அப்புறம் தூக்கமே இல்ல" என்றார். அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. மடியில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்த நான்கு வயது மகள், இரு கைகளாலும் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "அப்பா, இங்க பாரு" என்றாளாம். "மடியிலதான் வெச்சிருந்தேன் ஃபாதர். அவ சொன்னதுல ஒரு வார்த்தைகூட காதுல விழல."

நாளையைக் குறித்துக் கவலை வேண்டாம் என்ற ஆண்டவரின் போதனையை உடனே எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. எனக்குக் கடன் தவணையும் இல்லை, பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய பிள்ளையும் இல்லை.

ஆனால் மலைப்பொழிவில் அதைச் சொன்னவர், அதற்குச் சற்று முன்புதான் ஒரு செபத்தையும் கற்றுக்கொடுத்தார். அதில் உணவு கேட்கிறோம். எத்தனை நாளுக்கு? இன்றைக்கு மட்டும். பாலைநிலத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று பதுக்கியவர்களுக்கு அது புழுத்துப்போனதாக விடுதலைப் பயண நூலில் வாசிக்கிறோம். அதே அதிகாரத்தில், ஓய்வுநாளுக்கு முந்தின நாள் இருமடங்கு சேகரிக்கச் சொன்னதும் கடவுள்தான். ஆகவே திட்டமிடுவது தவறல்ல. தம்பி வேறு வேலைக்கு விண்ணப்பிக்கட்டும், செலவைக் குறைக்கட்டும். அது பகலில் செய்கிற வேலை. இரவு மூன்று மணிக்குப் படுக்கையில் புரண்டுகொண்டு செய்வது மன்னாவைப் பதுக்குவது.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தை நினைத்துக்கொள்கிறேன். 1749-இல் கைதானார், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். என்றைக்குச் சாவு என்று தெரியாது. பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அங்கேயும் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள், அவர்களுக்காக அவர் செபித்தார் என்று குமரி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அவருக்குப் பயமே இருந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் எதிரில் வந்து நின்றவரின் குறையைக் கேட்க அவருக்குக் காது இருந்தது.

கிராமங்களில் கோவில் மணி மூன்று வேளை அடிக்கும். வயலில் நிற்பவர்கூட மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூவேளை செபம் சொல்வார். தரமணியின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் எந்த மணி கேட்கும்? "கைப்பேசியில் 12 மணிக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் செபத்தைச் சொல்லிவிட்டு, எங்கே இருக்கிறீர்கள், எதிரில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார் என்று ஒரு நிமிடம் பாருங்கள்" என்றேன். தூக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவரிடம் போகவும் சொன்னேன். மனநல உதவிக்கு அரசு நடத்தும் 'டெலி மானஸ்' இலவச எண் 14416, நேயர்களும் குறித்துக்கொள்ளுங்கள். செபிக்கிறவர் மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று இன்னும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம்.

போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தம்பி வந்தார். வேலை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. "முதல் நாள் அலாரம் அடிச்சப்ப சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகிட்டிருந்தேன் ஃபாதர். முருங்கைக்காய் சாம்பார். அஞ்சு மணிக்கே எழுந்து செஞ்சு வெச்சிருக்கா. ஒரு மாசமா என்ன சாப்பிட்டேன்னே எனக்குத் தெரியல" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மகள் பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள். பேச்சைப் பாதியிலேயே விட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.