தோணியும் சொகுசும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

இன்றைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து நம்மைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, என்னோடு வகுப்பில் உட்கார்ந்த நண்பர்களே, என்னோடு சேர்ந்து வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட நண்பர்களே!

செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பந்தி தயார் என்று கண் காட்டினால் நிறுத்திவிடுவேன்.

சென்ற ஆண்டு இதே மண்டபத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிநாட்டில் இருக்கும் நம்முடைய நண்பர் ஒருவர் கைபேசியில் படங்கள் காட்டினார். எகிப்தில் நைல் நதியில் ஐந்து நாள் போய்வந்த படங்கள். இரண்டு பாய்மரம் வைத்த சின்னப் படகு, எட்டு அறை, வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு மேசை. அதற்கு அவர் கொடுத்த கட்டணத்தைக் கேட்டவுடன் எங்களில் இரண்டு பேருக்கு ஏப்பம் நின்றுபோனது. அப்புறம்தான் அவர் சொன்னார்: "ஏல, நம்ம ஊர்ல தோணி சும்மா கெடக்குல்லா? பத்துப் பேரு பணம் போட்டு ஒண்ண வாங்கி, ஏசி வச்சு, இதே மாதிரி ஓட்டுனா என்ன?" எல்லோரும் கை தட்டினார்கள். என்னைப் பார்த்து, "ஓடாவி மகன் நீ சொல்லு" என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் யோசித்து இப்போது சொல்கிறேன்.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓடாவி என்றால் தோணி கட்டும் தச்சர். என் தகப்பனார் ஓடாவி. நான் இந்தக் கல்லூரியில் பி.காம். படித்த மூன்று வருடக் கட்டணமும் தோணிக்கு வங்கு வைத்த கூலியில் வந்தது. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலை வகிப்பவன் அல்ல.

முதலில் நைல் கதை. அந்தப் படகுக்கு தஹபியா என்று பெயர். ஒரு காலத்தில் எகிப்துக்குப் போன வெள்ளைக்காரச் சீமான்கள் எல்லாம் அதில்தான் போனார்கள். அமீலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1873-74-இல் அப்படிப் போய்வந்து, 1877-இல் பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் அதே காலத்தில் தாமஸ் குக் கம்பெனி நீராவிக் கப்பல் விட ஆரம்பித்துவிட்டது. நீராவிக்கு நாள் கணக்கு உண்டு, காற்றுக்கு இல்லை. தஹபியா மெல்ல மெல்ல மறைந்தது. அது திரும்பி வந்தது நம் காலத்தில்தான். பெரிய கப்பல்கள் நூற்றுக்கணக்கில் நெரிசலாக நின்றபோது, சின்னத் தீவிலும் சின்ன ஊரிலும் ஒதுங்கக்கூடிய பாய்ப்படகுக்கு மவுசு வந்தது. இப்போது எஸ்னாவுக்கும் அஸ்வானுக்கும் இடையே பல தஹபியாக்கள் ஓடுகின்றன.

அதன் சூட்சுமம் மெத்தையில் இல்லை நண்பர்களே, காற்றில் இருக்கிறது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அங்கே காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. போகும்போது பாய் விரித்தால் போதும், வரும்போது பாயை இறக்கிவிட்டால் ஆறே கொண்டு வந்து சேர்க்கும். காற்று அடியோடு விழுந்துபோனால் இழுவைப் படகு வந்து இழுக்கிறது. இவ்வளவுதான் அதன் எந்திரம்.

நம் ஊரில் இது நடக்குமா? ஆற்றில் நடக்காது. தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே கோடையில் போய்ப் பாருங்கள், தோணி அல்ல, தாம்பாளம்கூட மிதக்காது. ஒரு காலத்தில் ஆற்று முகத்தில் துறைமுகமாக இருந்த கொற்கை இன்றைக்குக் கடலை விட்டு உள்ளே தள்ளி வயல் நடுவே கிடக்கிறது. 2023 டிசம்பரில் மட்டும் ஆறு தானாகவே நம் வீட்டுக்குள் வந்தது, அந்தச் சவாரி யாருக்கும் வேண்டாம்.

கடலில் நடக்குமா? இதற்குத்தான் எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

எனக்கு எட்டு வயதில், 1961-இல், நம் ஊரில் முத்துக்குளிப்பு நடந்தது. பெரிய அளவில் அதுதான் கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. இரவில் தெருவில் ஆள் நடமாட்டம் கேட்டு விழித்துக்கொள்வேன். "இந்நேரத்துல எங்கப்பா போறாங்க?" என்று கேட்டேன். "கரக்காத்து எறங்கிட்டுல்லா" என்றார் அப்பா. பங்குனி, சித்திரையில் வாடையும் ஓய்ந்து கச்சானும் எழும்பாத இடைவெளியில் நம் கடல் குளம் மாதிரி இருக்கும். நடுராத்திரிக்குப் பிறகு நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அதில் பாய் விரித்தால் விடியும்போது வள்ளம் முத்துப் பாரில் நிற்கும். முற்பகல் முழுக்கக் கல்லைக் கட்டிக்கொண்டு முங்குவார்கள். மதியம் திரும்பினால் கடற்காற்று எழும்பும். அதில் பாய் விரித்தால் கரை. எத்தனையோ நூற்றாண்டு நம் பரதவர்கள் இந்தக் கணக்கில்தான் முத்தெடுக்கப் போய்வந்தார்கள்.

போகும்போது ஒரு காற்று, வரும்போது ஒரு காற்று. நைலுக்கு ஆறும் காற்றுமாகச் சேர்ந்து செய்வதை நம் கடலுக்குக் காற்று ஒன்றே செய்கிறது. இது தோன்றிய அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நண்பர் ஏசி என்று சொன்னபோது வராத ஆசை அப்போது வந்தது.

தோணி, முத்துக்குளிக்கும் வள்ளம் அல்ல. அது சரக்குக் கப்பல். பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது என்று கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கு ஏற்றி இறக்கும். 1974-இல் புதுத் துறைமுகம் திறந்ததும் அந்த வேலை சுருங்கியது. பெரிய தோணிகள் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஓடும் கொண்டுபோயின. சுமார் 150 கடல் மைல், பாயை மட்டும் நம்பி. தூத்துக்குடியில் கப்பல் என்றால் எல்லோரும் 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியைச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் தோணி சத்தமில்லாமல் கொழும்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 1973 மார்ச்சில், அப்பா கட்டிய தோணி ஒன்றை வெள்ளோட்டம் விட்டார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றேன். "பரீட்ச அடுத்த வருசமும் வரும்ல, ஏறு" என்றார். ஏறினேன். தண்டல் (தோணியின் தலைவரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு குரல் கொடுத்தார். ஆறேழு பேர் கயிற்றைப் பிடித்து, பாட்டுச் சொல்லிக்கொண்டே பருமலை ஏற்றினார்கள். பாய் முதலில் பைத்தியம் மாதிரி அடித்துக்கொண்டது. பிறகு ஒரே ஒரு சத்தம், பெரிய சாக்கை உதறினது போல. அதற்கப்புறம் அமைதி. தோணி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நகர ஆரம்பித்தது. முயல் தீவைத் தாண்டியதும் அப்பா குனிந்து பலகையில் காதை வைத்துக் கேட்டார். எதற்கு என்றேன். கலப்பத்து எங்கேயாவது அழுகிறதா என்று கேட்கிறேன் என்றார். பலகை இடுக்கில் பஞ்சு வைத்து அடைப்பதைத்தான் கலப்பத்து என்பது. எங்கேயும் அழவில்லை.

சொகுசு என்று சொன்னீர்களே, அந்தத் தோணியில் கழிப்பறை என்பது பின்பக்கம் கடலுக்கு மேலே தொங்கிய மரக்கூண்டு. நான் கரை வரும்வரை பொறுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அதே தோணிக்கு என்ஜின் வைத்தார்கள். வைத்தது சரிதான். காற்றில்லாமல் நடுக்கடலில் நாலு நாள் கிடந்தவனிடம் பாயின் அழகைப் பேசினால் அவன் அடிக்க வருவான். ஆனால் என்ஜின் வந்ததும் பாய்மரம் இடைஞ்சல் ஆனது. பாதியில் வெட்டச் சொன்னார்கள். வெட்டப் போனதும் அப்பாதான். வெட்டின மேல்துண்டை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டாகப் பிளந்து திண்ணையில் பெஞ்சியாகப் போட்டார். நேற்றுக்கூட அதில் உட்கார்ந்துதான் இந்தப் பேச்சை எழுதினேன்.

அதனால்தான் ஆலப்புழை போய்வந்தவர்கள் "கெட்டுவள்ளத்தைப் பாரு, எப்படிப் பிழைச்சுக்கிட்டுது" என்று சொல்லும்போது எனக்கு முழுச் சம்மதம் வருவதில்லை. அதுவும் நம் தோணி மாதிரி சரக்கு வள்ளம்தான். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்தது, நெல் ஏற்றியது. லாரி வந்ததும் வேலை போயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேலே வீடு கட்டிச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் கழுக்கோலும் பாயும் போய் டீசல் வந்தது. வேம்பநாட்டுக் காயல் 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை. அந்தத் தண்ணீரில் இன்றைக்கு எண்ணெயும் கழிவும் மிதக்கிறது என்று அங்குள்ளவர்களே வருத்தப்படுகிறார்கள். வள்ளம் பிழைத்தது. வள்ளக்காரன் ஓட்டல் சிப்பந்தி ஆனான்.

இன்னொரு ஊரும் இருக்கிறது. துருக்கியில் போட்ரூம். நம்மைப் போலவே முங்கிப் பிழைத்த ஊர், நமக்கு முத்து என்றால் அவர்களுக்குக் கடற்பஞ்சு. 1925-இல் ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளரை அரசாங்கம் தண்டனையாக அங்கே அனுப்பியது. அவர் அந்த ஊரிலேயே ஊறிப்போய், பிற்பாடு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பஞ்செடுக்கும் படகுகளில் கரையோரமாகச் சுற்றினார். படுக்கை தளத்தில், சாப்பாடு படகுக்காரன் சாப்பாடு. நீலப் பயணம் என்று அதற்குப் பெயர் வந்தது. இன்றைக்கு அது கோடிக்கணக்கான தொழில், மெத்தை குளிர்பதனம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் ஆரம்பம் படகுக்காரனோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்.

நம் கடலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. விளங்குச்சல்லித் தீவு முழுகியே போய்விட்டது. காரியாச்சல்லி கரைந்துகொண்டிருக்கிறது. வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். நம் விருந்தாளி அங்கே இறங்கிச் சங்கு பொறுக்க ஆசைப்பட்டால் நாம் சரி என்று சொல்லப் போவதில்லை. தூரத்தில் நின்று பார்க்கலாம், அது போதும்.

போன மாதம் நண்பர் ஊருக்கு வந்திருந்தார். இருவருமாக ஒரு பழைய தண்டலைப் பார்க்கப் போனோம். எண்பதைத் தாண்டியவர். பாயில் கொழும்புக்குப் போனவர்களில் இன்னும் நம்மோடு இருப்பவர். நண்பர் உற்சாகமாக அறை, ஏசி, சமையல்காரர் என்று அடுக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். நான், "தண்டலண்ணே, விடியக்காலம் கரக்காத்துல போயி, மத்தியானம் கடக்காத்துல திரும்பிரணும், பாய்ல மட்டும்" என்றேன். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாய் யாரு தம்பி தைப்பா?"

எங்களிடம் பதில் இல்லை. அவரே விரலை மடக்கி எண்ணினார். தைக்கத் தெரிந்தவர்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்குக் கண் பார்வை போய்விட்டது. பருமல் ஏற்றத் தெரிந்தவர்கள் நாலு பேர். "எனக்குக் கை வராது, வாய் வரும். பக்கத்துல உக்காந்து சொல்லுவேன்" என்றார்.

ஆகவே நண்பர்களே, என் பதில் இது. நான் பணம் போடத் தயார். ஆனால் முதல் பணம் ஏசிக்கு இல்லை, பாய்மரத்துக்கும் பாய்க்கும். என்ஜின் இருக்கட்டும், வயிற்றுவலி வந்த விருந்தாளியைக் கரை சேர்க்க வேண்டாமா? ஆனால் பங்குனி, சித்திரை இரண்டு மாதம் பாயில் போகட்டும். கச்சான் எழும்பியதும் கரையில் கட்டிவிடுவோம். தண்டலும் ஆட்களும் சம்பளக்காரர்களாக வேண்டாம், பங்குக்காரர்களாக இருக்கட்டும், பழைய வழக்கம் அதுதான். பெரியவர் பக்கத்தில் இருபது வயதுப் பையன்கள் ஆறு பேர் உட்கார வேண்டும், அவர் சொல்வதைக் கேட்டுக் கயிறு பிடிக்க. லாபம் வருமா என்று வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர்கள் கேட்பார்கள். முதல் மூன்று வருடம் வராது. கொழும்புக்குப் பயணிகள் கப்பல் 2011 ஜூனில் மேளதாளத்தோடு கிளம்பி, அந்த நவம்பரிலேயே நின்றுபோனதை நாம் பார்த்திருக்கிறோம். தெரிந்துதான் சொல்கிறேன். சரக்குத் தோணியில் ஆளேற்ற வேறு சான்றிதழ் வேண்டும், அதற்கும் நாள் ஆகும். கழிப்பறை மட்டும் நல்லதாக வைப்போம், அதில் எனக்குப் பழைய பாக்கி இருக்கிறது.

வாசலில் பதிவு மேசையில் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். பணம் எழுத வேண்டாம், பெயர் மட்டும். கூடவே, உங்கள் தெருவில், உங்கள் உறவில், பாய் தைத்தவர், பருமல் ஏற்றியவர் யாராவது உயிரோடு இருந்தால் அவர் வீட்டு அடையாளத்தையும் எழுதுங்கள். பெரியவர் இந்த வாரம் நோட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

செயலாளர் கண் காட்டிவிட்டார்.