காற்றால் குளிரும் கார் இன்ஜின்



பழைய கார் இன்ஜின் ஒன்றை வீட்டிலேயே பிரித்துச் சீராக்க முடியுமா? பொறுமையும் ஓரளவு கைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு, தண்ணீர்த் தொட்டி இல்லாமல் காற்றினாலேயே குளிர்விக்கப்படும் இன்ஜின்கள் இதற்கு ஏற்றவை. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, எதை நாமே செய்யலாம், எதைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும், எங்கே கவனம் தவறினால் ஆபத்து என்பனவற்றை இன்று காண்போம்.

நாம் எடுத்துக்கொள்வது வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் இன்ஜின். வண்டின் முதுகைப்போல் வளைந்த கூரையும், பின்புறத்தில் இன்ஜினும் கொண்ட அந்தக் காரை அறியாதவர் குறைவு. பெர்டினாண்ட் போர்ஷ அவர்களின் தலைமையில் 1930களில் ஜெர்மனியில் உருவான இக்கார், போருக்குப் பின், 1945 டிசம்பரில், வோல்ஃப்ஸ்பர்க் நகரில் தொடர் உற்பத்திக்கு வந்தது. மெக்சிகோ நாட்டின் புவெப்லா நகரில் 2003 ஜூலை 30ஆம் நாள் கடைசிக் கார் வெளிவந்தபோது, மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன. மலேசியாவில் ஷா ஆலாமிலும் இக்கார்கள் பூட்டப்பட்ட காலம் உண்டு.

இந்த இன்ஜின் ஏன் வீட்டு வேலைக்கு ஏற்றது? அதன் எடை ஏறத்தாழ 110 கிலோகிராம்தான். நான்கு போல்ட்டுகளே அதைக் கியர் பெட்டியோடு பிணைத்து வைத்திருக்கின்றன. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் தனித்தனியே பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே ஒன்று தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். 1969இல் அமெரிக்காவில் ஜான் மியூர் என்பவர், இயந்திர அறிவே இல்லாதவர்களுக்கென்று இந்தக் காரைப் பழுது பார்க்கும் நூல் ஒன்றை எழுதினார். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் தங்கள் இன்ஜினைத் தாங்களே பிரித்துப் பூட்டினர்.

ஆனால், நேயர்களே, இங்கே ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். புதிய பிஸ்டன், புதிய பேரிங் எல்லாம் போட்டு, நல்ல பணம் செலவழித்துப் பூட்டிய இன்ஜின் சில மாதங்களில் மறுபடியும் கெட்டுப்போவதுண்டு. காரணம் என்ன? தேய்ந்த பாகத்தை மாற்றியவர்கள், அது ஏன் தேய்ந்தது என்று பார்க்கவில்லை. இந்த வகை இன்ஜினில் பெரும்பாலும் அந்தக் காரணம் வெப்பமே. காற்று போக வேண்டிய வழியில் போகாததால் உண்டாகும் வெப்பம்.

காற்று எந்த வழியில் போகிறது என்று முதலில் பார்ப்போம். சிலிண்டரைச் சுற்றி மீன் செதில்களைப்போல் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. உள்ளே எரியும் பெட்ரோலின் வெப்பம் இந்தச் செதில்களுக்குப் பரவுகிறது. மின்சாரம் உண்டாக்கும் டைனமோவின் தண்டிலேயே ஒரு விசிறி பொருத்தப்பட்டுள்ளது. ஒரே பெல்ட் இரண்டையும் சுழற்றுகிறது. விசிறி இழுக்கும் காற்றை ஒரு தகரக் கூடு நான்கு சிலிண்டர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. செதில்களின் இடையே புகுந்த காற்று வெப்பத்தை வாங்கிக்கொண்டு இன்ஜினின் அடிப்புறமாக வெளியேறுகிறது. இன்ஜினைச் சுற்றிலும் உள்ள தகரத் தகடுகளும் ரப்பர் விளிம்பும், மேலேயுள்ள குளிர்ந்த காற்றையும் கீழேயுள்ள சூடான காற்றையும் கலக்காமல் பிரித்து வைக்கின்றன.

நம்முடையது வெப்ப நாடு. இத்தனை தகடுகள் போட்டு மூடினால் இன்ஜின் இன்னும் சூடாகுமே என்று எண்ணி, சிலர் அவற்றைக் கழற்றிவிடுகின்றனர். இது நேர்மாறான பலனைத் தரும். தகடு இல்லாத இடத்தில் காற்று எளிய வழியைத் தேடி ஓடிவிடும்; செதில்களுக்குள் புகாது. ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால், கீழே வெளியேறிய சூடான காற்றையே விசிறி மறுபடியும் உள்ளே இழுக்கும். வெப்ப நாட்டில்தான் இந்தத் தகடுகள் ஒவ்வொன்றும் கட்டாயம் தேவை.

இந்த இன்ஜினுக்குக் குளிர்ச்சி தருவது காற்று மட்டுமன்று. எண்ணெயும் அதில் பங்கு கொள்கிறது. உள்ளே இருப்பதோ இரண்டரை லிட்டர் எண்ணெய்தான். அந்த எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர், பழைய இன்ஜின்களில் விசிறிக் கூட்டினுள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நின்றது. அதனால் அந்தச் சிலிண்டருக்குக் கிடைத்த காற்று குறைவு. கிடைத்ததும் சூடான காற்று. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, அதாவது புகையை வெளியேற்றும் வால்வு, முதலில் பழுதாவதற்கு இதுவே காரணம். 1971ஆம் ஆண்டு மாடல் முதல் ஆயில் கூலரைத் தள்ளி வைத்து, அதற்குத் தனிக் காற்று வழி அமைத்தனர். பழைய இன்ஜினைச் சீராக்குவோர் இந்தப் புதிய அமைப்பைப் பொருத்திக்கொள்வது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் நான்கு சோதனைகள் செய்ய வேண்டும்.

முதலாவது, சிலிண்டர்களின் அழுத்தம். இன்ஜினைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அழுத்தமானியைக் கொண்டு ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால், பிளக் துளை வழியாகச் சிறிது எண்ணெய் விட்டு மறுபடியும் அளக்கலாம். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்களில் தேய்வு. உயராவிட்டால் வால்வில் கசிவு. சிலிண்டர் படுத்திருப்பதால் இச்சோதனை முழு உறுதி தராது. ஆயினும் நல்ல குறிப்பைத் தரும்.

இரண்டாவது, இன்ஜினின் பின்புறத்தில் பெல்ட் ஓடும் பெரிய சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். கிராங்க் தண்டின் இந்த அசைவு 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர் வரையே இருக்கலாம். ‘டக்டக்’ என்று கையிலேயே தெரியுமானால், பேரிங் அமரும் இடம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, வால்வு இடைவெளி. இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் இதை அளக்க வேண்டும். 1600 சி.சி. இன்ஜினுக்கு 0.15 மில்லிமீட்டர். அளவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்தல் நலம். ஒரே வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், அந்த வால்வு நீண்டுகொண்டிருக்கிறது, அல்லது அதன் இருக்கை தேய்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுகொண்டவர் சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றி வால்வை மாற்றிவிடலாம். கவனிக்காதவரின் வால்வு ஒருநாள் முறிந்து உள்ளே விழும். பிஸ்டன், ஹெட் எல்லாம் உடையும். எழுதி வைத்த சில எண்கள் ஓர் இன்ஜினையே காப்பாற்றும்.

நான்காவது, காற்று வழி. தகடுகள் எல்லாம் உள்ளனவா? ரப்பர் விளிம்பு முழுமையாக உள்ளதா? நெடுநாள் ஓடாமல் நின்ற காராயின், விசிறிக் கூட்டினுள் எலிக்கூடும் காய்ந்த இலைகளும் இருப்பதுண்டு. எண்ணெய் கசிந்து தூசு படிந்து செதில்களின் இடைவெளி அடைபட்டிருப்பதும் உண்டு. இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜின் கெட்டதன் காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து, இன்ஜினை இறக்குதல். முதல் வேலை பேட்டரி கம்பியைக் கழற்றுவது. இரண்டாவது, பெட்ரோல் குழாயை அடைப்பது. பெட்ரோல் தொட்டி காரின் முன்புறத்தில் சற்று உயரமாக இருப்பதால், குழாயைப் பிடுங்கியவுடன் பெட்ரோல் தானாகவே ஓடிவரும். அருகில் சிகரெட்டோ அடுப்போ இருக்கக் கூடாது. காரின் பின்புறத்தை உயர்த்தியபின் உறுதியான இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. இன்ஜினை இறக்கும்போது துணைக்கு ஒருவர் இருப்பது கட்டாயம்.

பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனித் தட்டில் வைத்து, எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று எழுதி ஒட்டுங்கள். மண்ணெண்ணெயால் கழுவுங்கள், பெட்ரோலால் கழுவ வேண்டாம். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், கேனில் சேர்த்து, அதனைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பின்பு சில பாகங்களைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இன்ஜினின் வெளிக்கூடு மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனது, அது மென்மையானது. பேரிங் அமரும் இடங்கள் தேய்ந்திருந்தால் அவற்றை ஒரே நேர்க்கோட்டில் கடைந்து, அதற்கேற்ற பெரிய பேரிங் போட வேண்டும். கிராங்க் தண்டைச் சாணை பிடிப்பதும், வால்வு இருக்கைகளைச் சீராக்குவதும் பட்டறை வேலைகளே. பழைய எக்ஸாஸ்ட் வால்வுகளைத் தேய்த்து மீண்டும் போடுவது சிக்கனம் ஆகாது. அவற்றைப் புதியனவாகவே போடுங்கள்.

பூட்டும் வேலையை நாமே செய்யலாம். கிராங்க் தண்டின் பல்சக்கரத்தில் புள்ளியிட்ட இரு பற்கள் உண்டு. வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் பல்சக்கரத்தில் குறியிட்ட ஒரு பல் அந்த இரண்டுக்கும் நடுவில் அமர வேண்டும். பிஸ்டனின் தலையிலுள்ள அம்புக்குறி பிளைவீலை நோக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு பேரிங்கும் அதற்குரிய சிறு முளையில் சரியாக உட்கார வேண்டும். கூட்டின் இரு பாதிகளையும் சேர்த்து நட்டுகளை முறுக்கும்போது, ஒவ்வொரு சுற்று முறுக்குக்குப் பின்னும் கிராங்க் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் பேரிங் நசுங்கிவிடும். சிலிண்டர் ஹெட் நட்டுகளுக்கு, 10 மில்லிமீட்டர் தண்டாயின் 23 அடி-பவுண்ட், 8 மில்லிமீட்டர் தண்டாயின் 18 அடி-பவுண்ட் என்று அளவு உண்டு. அளவு காட்டும் ஸ்பேனர் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். கைப்பலத்தைக் காட்டினால் மென்மையான கூட்டிலிருந்து தண்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

எல்லாம் பூட்டிய பிறகு, குறித்து வைத்த பட்டியலை எடுங்கள். விடுபட்ட தகடுகளையும் புதிய ரப்பர் விளிம்பையும் இப்போது பொருத்துங்கள். உள்ளே துணித்துண்டு எதுவும் தங்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதன்முதல் ஓட்டும்போது பிளக்குகளை மாட்டாமல், தீப்பொறி வராதபடி காயில் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். எண்ணெய் விளக்கு அணைந்த பின்பே பிளக்குகளை மாட்ட வேண்டும். கேம் தண்டு புதியதாயின், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓட விடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடியும் பாருங்கள். அடியிலுள்ள சல்லடையில் உலோகத் துகள்கள் உள்ளனவா என்றும் கவனியுங்கள்.

முடிவாக, நெருப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். பழைய பெட்ரோல் குழாய் வெளியே நன்றாகத் தோன்றினாலும், மேலே சுற்றிய துணியின் அடியில் ரப்பர் வெடித்திருக்கலாம். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் கார் எரியும். மக்னீசியக் கூடு தீப்பற்றிவிட்டால், தண்ணீர் ஊற்றும்போது ஹைட்ரஜன் வாயு தோன்றி நெருப்பு மேலும் மூளும். ஆகவே இன்ஜினை மாட்டுமுன் எல்லாப் பெட்ரோல் குழாய்களையும் கவ்விகளையும் மாற்றிவிடுங்கள். உலர்தூள் தீயணைப்பான் ஒன்றைக் காரில் வைத்திருங்கள். கூடே பற்றிக்கொண்டால் விலகி நின்று தீயணைப்புப் படையை அழைத்து, அது மக்னீசியம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டும்போது டைனமோ விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தால் விசிறியும் நின்றிருக்கும். வீடு பக்கந்தானே என்று ஓட்டிச் செல்லும் ஒரு மைல், பல வாரம் செய்த வேலையை வீணாக்கிவிடும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பெல்ட் ஒன்றையும் அதை மாற்றும் ஸ்பேனரையும் எப்போதும் காரில் வைத்திருப்பது நமக்குப் பழக்கமாக வேண்டும்.