திரும்பி வந்த கட்டுரை



கட்டுரை வகுப்பு என்றால் உங்களுள் பலருக்கு உற்சாகம் பிறப்பதில்லை. நான் மாணவனாக இருந்த காலத்தில் எனக்கும் பிறந்ததில்லை. வாரத்துக்கு ஒரு தலைப்பு, நான்கு பக்கம், ஏடுகளை ஆசிரியரின் மேசைமேல் அடுக்கி வைப்பது, அடுத்த வாரம் அவை சிவப்பு மையோடு திரும்பி வருவது. இந்தச் சுற்றுக்குள் ஒருவன் எழுத்தாளனாக வளர முடியும் என்று அன்று யாரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன். பின்னர் மேசைக்கு மறுபுறம் அமர்ந்து சிவப்பு மை தொடும் பணி எனக்கே வாய்த்தது. அப்பணியில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். கட்டுரை வகுப்பொன்றில் தம் எழுத்து எவ்வாறு மாறியது என்பதைத் தாமே எழுதி வைத்துச் சென்ற ஒரு பெரியவரின் கதையை முதலில் கேளுங்கள்.

அவர் பெயர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். வரலாற்றறிஞர், சமூகவியல் அறிஞர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் முன்னின்றவர். 1868ஆம் ஆண்டு, அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து ஏறத்தாழ இரண்டாண்டுகளே ஆகியிருந்த வேளையில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். 1885இல் தாயை இழந்தார். அதே ஆண்டில், தேவாலயங்கள் சில திரட்டித் தந்த உதவிப் பணத்தைக் கொண்டு, தெற்கே டென்னசி மாநிலத்தில் கறுப்பின மாணவருக்கென அமைந்திருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே மாணவர் இதழின் ஆசிரியராக விளங்கினார். 1888இல் பட்டமளிப்பு விழாவில் பிஸ்மார்க்கைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். எழுத்திலும் பேச்சிலும் தம்மை எவரும் குறை கூறிக் கேளாத இளைஞராகவே அவர் வடக்கே திரும்பி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஃபிஸ்க் தந்த பட்டத்தை ஹார்வர்ட் முழுப் பட்டமாக ஏற்கவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவராகவே அவரைச் சேர்த்துக் கொண்டது. ஆதலால் ஒரு பட்டம் பெற்றவர் மறுமுறையும் கட்டுரை எழுதும் மாணவரானார்.

ஹார்வர்டில் கட்டுரைக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1874 முதல் அங்கே நுழைவுத் தேர்விலேயே ஆங்கிலக் கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 1885இல் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியை முதலாண்டு மாணவர்க்குரிய கட்டாயப் பாடமாக்கினார்கள். மாணவர் தாம் விரும்பிய பாடங்களைத் தாமே தேர்ந்து படிக்கலாம் என்ற புதுமுறை அங்கே பரவிக் கொண்டிருந்த காலம் அது. இருந்தும் கட்டுரை மட்டும் எவரையும் விட்டு வைக்கவில்லை.

டு பாய்ஸ் ஹார்வர்டில் தம் முதற் கட்டுரையை எழுத வேண்டிய வேளை வந்தது. அப்போதுதான் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மார்கன் என்னும் செனட்டர், கறுப்பின மக்களை இழித்துரைக்கும் கட்டுரை ஒன்றைப் பெயர் பெற்ற பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். இருபது வயது இளைஞருக்கு இரத்தம் கொதித்தது. தென்னாட்டில் மூன்றாண்டுகள் தம் மக்களின் நிலையை நேரில் கண்டவர் அவர். செனட்டரை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தார். சொற்கள் பொங்கி வந்தன. இலக்கணம், அளவு, சொல் தேர்வு எதையும் அவர் நின்று பார்க்கவில்லை. நீண்ட கட்டுரை, நெருப்பைப் போன்ற கட்டுரை.

அது 'ஈ' என்ற எழுத்தோடு திரும்பி வந்தது. ஹார்வர்டின் மதிப்பீட்டில் 'ஈ' என்றால் தேறவில்லை என்று பொருள். பள்ளிப் பருவம் முதல் அதுவரை அவர் அறியாத தோல்வி அது.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். நீங்களாக இருந்தால் என்ன எண்ணியிருப்பீர்கள்? 'ஆசிரியர் வெள்ளையர், என் இனத்தின் துயரம் அவருக்கு எங்கே விளங்கும்? அதனால்தான் என்னைத் தோற்கடித்துவிட்டார்' என்று எண்ணுவதற்கு எல்லா நியாயமும் அவரிடம் இருந்தது. நல்ல குரல் இருந்தும் ஹார்வர்டின் இசைக்குழுவில் அவருக்கு இடம் கிட்டவில்லை. அவர் தங்கியதும் பல்கலைக்கழக விடுதியில் அன்று. வெளியே கறுப்பினத்தார் இல்லம் ஒன்றில் ஓர் அறை எடுத்துக் கொண்டார். இவ்வளவுக்குப் பின்னரும் அவர் கண்ட முடிவு வேறு. பின்னாளில் இதனை நினைவு கூர்ந்து எழுதுகையில் அவர் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்கிறார். தம் மக்களின் பிரச்சினை ஆசிரியர்களுக்கு விளங்காமல் இருந்திருக்கலாம் என்பது ஒன்று. தம் ஆங்கிலத்தைப் பற்றி அவர்கள் சொன்னது நேர்மையான தீர்ப்பே என்பது மற்றொன்று. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதை அவர் தள்ளிவிடவில்லை. மொழியோடு மல்லுக்கு நின்றார். அந்தப் பருவம் முடிவதற்குள் 'ஈ'யைச் 'சி'யாக உயர்த்தினார்.

பொருள்தான் பெரிது, நடை அதற்குக் கீழ்ப்பட்டதே என்ற கருத்தை அவர் அப்போதும் கைவிடவில்லை. வெறும் அலங்காரச் சொற்களால் இலக்கியம் ஆகாது என்பதில் உறுதியாகவே இருந்தார். ஆனால் திடமான பொருளும் திருந்திய நடையும் சேர்ந்தால் செய்தி நெடுந்தொலைவு செல்லும். குழம்பிய வாக்கியம் பாதி வழியிலேயே நின்றுவிடும். இதை அவர் அந்த 'ஈ'யிலிருந்து கற்றார். கட்டாயம் ஏதும் இல்லாத நிலையில், 1890இல் பட்டம் பெற்ற பின்னும், ஹார்வர்டிலேயே மிகச் சிறந்தது எனத் தாம் கருதிய 'இங்கிலீஷ் 12' என்னும் கட்டுரை வகுப்பைத் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தார்.

அவ்வகுப்பை நடத்தியவர் பாரெட் வெண்டெல். பழைய பாஸ்டன் மேட்டுக்குடியின் எண்ணங்களில் ஊறியவர். சமூகக் கொள்கைகளில் பழமைவாதி. டு பாய்ஸின் கொள்கைகளுக்கும் அவருக்கும் வெகு தூரம். ஆனால் கட்டுரை கற்பிப்பதில் அவர் ஒரு புது வழி கண்டவர். மாணவர் நாள்தோறும் ஒரு பக்கத்துக்கு மேற்படாத சிறு கட்டுரை எழுதித் தர வேண்டும். தலைப்பை ஆசிரியர் தரமாட்டார். அன்று கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, மனத்தில் தைத்தது எதுவாயினும் சரி. இத்தினக் கட்டுரைகளோடு அவ்வப்போது நீண்ட கட்டுரையும் உண்டு. சிவப்பு மையைவிட இந்த நாள்தோறும் எழுதும் பழக்கம்தான் பெரிய ஆசிரியர் என்பது என் எண்ணம். எழுத ஏதேனும் வேண்டுமே என்ற கவலையிலேயே மாணவன் தெருவை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறான். பிற்காலத்தில் புகழ் பெற்ற நாவலாசிரியர் ஃபிராங்க் நாரிஸ், 1894–95இல் ஹார்வர்டில் லூயிஸ் கேட்ஸ் என்ற ஆசிரியரின் கட்டுரை வகுப்பில் பயின்றபோது, தம் 'மெக்டீக்' நாவலின் சில பகுதிகளை வகுப்புக் கட்டுரைகளாகவே எழுதிக் கொடுத்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

வெண்டெலின் விரிவுரைகள் எட்டும் 1891இல் நூலாக வெளிவந்தன. அவர் வற்புறுத்தியவை மூன்று. ஒரு கட்டுரை, ஒரு பத்தி, ஒரு வாக்கியம் எதுவாயினும் அது ஒரே மையக் கருத்தைச் சுற்றி அமைய வேண்டும்; அதன் தலைமையான பகுதி கண்ணில் உடனே படும் இடத்தில் நிற்க வேண்டும்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி விளங்க வேண்டும். கேட்கும்போது எளிய செய்திகள்தாம். உங்கள் ஏட்டில் ஒரு பத்தியை எடுத்து, அதன் தலைமையான பகுதி எங்கே நிற்கிறது என்று தேடிப் பாருங்கள். என் ஏட்டில் நான் தேடியபோது அது பெரும்பாலும் நடுவில் எங்கோ ஒளிந்துகொண்டிருந்தது.

1890 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் டு பாய்ஸ் அவ்வகுப்பில் தம்மைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உலகுக்குச் சொல்லத் தம்மிடம் ஏதோ இருக்கிறது என்று தாம் நம்புவதாகவும், அது பேதைமையாகவும் இருக்கலாம் என்றும், அதனை நன்றாகச் சொல்லக் கற்கவே இவ்வகுப்பில் சேர்ந்ததாகவும் கூறி அதனை முடித்தார். அந்தக் கடைசி வாக்கியம் வெண்டெலுக்குப் பிடித்துப் போயிற்று. ஐம்பது கட்டுரைகளுள் அதனைத் தேர்ந்தெடுத்து வகுப்பில் படித்துக் காட்டினார். கவனியுங்கள்: அந்த வாக்கியத்தில் செனட்டர் இல்லை, கூச்சல் இல்லை. துணிவும் அடக்கமும் ஒன்றாக நிற்கின்றன.

வகுப்பறையில் பெற்ற பாராட்டு பெரிதன்று. அவ்வளர்ச்சி பின்னர் என்னவாயிற்று என்பதே பார்க்கத்தக்கது. 1895இல் அவர் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஆய்வேட்டைப் பற்றியன்று. 1899இல் 'அட்லாண்டிக்' மாத இதழில் வெளிவந்து, பின்னர் 1903இல் 'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' என்ற அவரது புகழ் பெற்ற நூலில் ஓர் இயலாக அமைந்த கட்டுரையைப் பற்றியே.

ஃபிஸ்கில் பயின்றபோது கோடை விடுமுறைகளில் அவர் டென்னசியின் குன்றுப் பகுதியில் சிறு பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியராக இருந்தார். அந்த நாட்களைத்தான் இக்கட்டுரை சொல்கிறது. பள்ளிக்கூடம் மரக்கட்டைகளால் ஆன குடிசை. முன்பு அதில் சோளம் சேமித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அமரும் பலகைகளுக்குச் சாய்வு கிடையாது. ஆசிரியரின் மேசை மூன்று பலகைகளால் ஆனது. அவருடைய நாற்காலியோ தங்கியிருந்த வீட்டுக்காரம்மாளிடம் இரவல் வாங்கியது. ஒவ்வோர் இரவும் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

பள்ளியை நடத்த அனுமதி பெறுவதற்காக அவர் அதிகாரியின் வீட்டுக்குச் சென்ற நிகழ்ச்சியும் அதில் வருகிறது. உடன் சென்றவர் ஒரு வெள்ளை இளைஞர். வெள்ளையர் பள்ளிக்கு ஆசிரியராக விரும்பியவர். அதிகாரி இன்முகத்தோடு வரவேற்று, சான்றிதழை ஏற்று, உணவுக்கு இருக்கச் சொல்கிறார். இளைஞர் மனம் மகிழ்கிறது. ஆனால் அவர்கள் முதலில் உண்டார்கள். பிறகு இவர் தனியே உண்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வசைச் சொல் இல்லை. அடுத்த பத்தியில் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது.

செனட்டரைச் சாடிய கட்டுரையில் இருந்த சினம் இங்கே குறைந்துவிட்டதா? நான் அவ்வாறு கருதவில்லை. சினம் அப்படியே இருக்கிறது. அது இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. அன்று அது எழுதியவருடைய நெஞ்சில் எரிந்தது. அதைப் படித்த ஆசிரியர் பிழைகளை எண்ணிக் கொண்டிருந்தார். இன்று அந்த உணவு மேசையைக் கண்ட வாசகனின் நெஞ்சில் எரிகிறது. அந்த நூலிலும் சில இடங்களில் அணிகள் அளவுக்கு மிஞ்சி நிற்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெண்டெல் கண்டிருந்தால் ஓரத்தில் கோடிட்டிருப்பார். இரவல் நாற்காலியின் அருகில் எவரும் கோடிட முடியாது.

இனி என் தவறுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் வறட்சியால் நொந்த ஊரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருந்தார். 'உழவர் வாழ்வு' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். ஐந்து பக்கம் எழுதியிருந்தார். ஏழ்மை, கொடுமை, சுரண்டல், கண்ணீர்க் கடல். வரிக்கு வரி வியப்புக் குறி. சந்திப் பிழைகளும் நிறைய. நான் பிழைகளைச் சுழித்து, 'உணர்ச்சி மிகுதி. கட்டுக்கோப்பு இல்லை' என்று அடியில் எழுதி, தேறாத மதிப்பெண் போட்டுத் தந்துவிட்டேன். சொன்னது பொய்யன்று. ஆனால் டு பாய்ஸின் ஆசிரியரைப் போல நானும் பாதி வேலையையே செய்திருந்தேன். மிகுந்த உணர்ச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், அந்த மாணவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவர் தந்தை அந்தக் கோடையில் உழவு மாடுகள் இரண்டையும் விற்றுவிட்டாராம். விற்றபோது மூக்கணாங்கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டாராம். கயிற்றோடு மாட்டைக் கொடுத்தால் தொழுவம் மறுபடி நிறையாது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. கயிறு தொழுவத்து ஆணியில் தொங்குகிறதாம். "இதை ஏன் எழுதவில்லை, தம்பி?" என்றேன். "இதெல்லாம் கட்டுரையில் எழுதலாமா, ஐயா?" என்றார்.

மறுமுறை எழுதி வரச் சொன்னேன். இரண்டு பக்கமே எழுதி வந்தார். வியப்புக் குறிகள் போயிருந்தன. சந்திப் பிழைகள் போகவில்லை. மாடுகள் முதல் பத்தியிலேயே விற்கப்பட்டுவிட்டன. கயிறு கடைசியில் இருந்தது. பிழைகளைச் சுழித்த பின், ஓரத்தில் முதல் முறையாக ஒரு கேள்வி எழுதினேன்: 'அந்த ஆணியில் இப்போது என்ன இருக்கிறது?' ஏடு மறுவாரம் வந்தபோது அதற்குக் கீழே பென்சிலால் பதில் எழுதியிருந்தார்: 'அதே கயிறுதான், ஐயா.'