இருட்டில் ஒரு சுற்று

நெய்வேலிக்காரர்களுக்கு வெளிச்சம் ஒரு அதிசயமில்லை. 1962-லேயே நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய ஊர். ராத்திரி மொட்டை மாடியில் நின்று பார்த்தால் சுரங்கத்துப் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும். அங்கே மூன்று ஷிப்டும் வேலை. டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும் தெருவிளக்கு உண்டு. முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று, வெளியே இந்திரா நகரிலோ வடக்குத்திலோ சொந்த வீட்டில் குடியேறுகிறவருக்குத்தான் இருட்டு என்றால் என்னவென்று முதல் ராத்திரியில் தெரியவருகிறது.

அப்படிக் குடிபோன நண்பர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, நாலு மூலையிலும் ஐம்பது வாட்ஸ் ஃபோகஸ் லைட் மாட்டிடலாம்னு இருக்கேன். பகல் மாதிரி ஆயிடும்."

"பகல்தான் தினமும் வருதேப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஐம்பது வாட்ஸ் விளக்கு ராத்திரி முழுக்க, பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 18 யூனிட். நான்கு விளக்குக்கு 72. இரண்டு மாதக் கணக்கில் 144. வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டை வாசலும் கொல்லையுமே தின்று தீர்த்துவிடும். ஃப்ரிட்ஜும் ஃபேனும் அதற்கு மேல்தான்.

காசை விடுங்கள். அந்த வெளிச்சத்தில் கண் தெரியாது என்பதுதான் பெரிய சங்கடம். நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகிறது. ஃபோகஸ் லைட் ஒரு தடவை முகத்தில் அடித்தால் அந்தப் பழக்கமெல்லாம் போச்சு. விளக்குக்குப் பக்கத்திலேயே, தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒருவன் நின்றால்கூடத் தெரியாது. திருடனுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கார்த்திகை அன்று திண்ணையில் வரிசையாக அகல் வைக்கிறோமே, அத்தனை சின்னச் சுடரில் படி, கோலம், வருகிறவர் முகம் எல்லாம் தெரிகிறதா இல்லையா?

அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, கையில் டார்ச்சும் சாக்பீஸுமாகச் சுற்றினோம். கால் தயங்கிய இடத்தில் ஒரு கோடு. கேட் தாழ்ப்பாள், போர்டிகோப் படி, மோட்டார் சுவிட்ச், கொல்லைக் குழாயடி, துவைக்கிற கல்லுக்குப் போகிற பாதை. ஐந்தே கோடு. ஐந்து விளக்குக்கு மேல் அந்த வீட்டுக்குத் தேவையில்லை.

அவையும் ஐந்தாறு வாட்ஸ் போதும். பாதை விளக்கு முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்து இருக்க வேண்டும். நம் பக்கம் முந்திரிக் காடும் பலாத் தோப்பும் கிட்டத்திலேயே. கண்ணாடிவிரியன் உள்ள மண். வெளிச்சம் விழ வேண்டியது பாதம் வைக்கும் இடத்தில்தான், தென்னங்கீற்றில் இல்லை.

நிறமும் முக்கியம். கடையில் பளீரென்ற வெள்ளை பல்பை எடுத்து நீட்டுவார்கள். பெட்டியில் 6500 கே என்றிருக்கும். 2700 அல்லது 3000 என்று போட்ட மஞ்சள் வெளிச்சத்தைக் கேட்டு வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளைக்குத்தான் பூச்சி அதிகம் வரும். ஐப்பசி மழை விட்ட சாயங்காலம் ஈசல் மொய்த்துச் சாப்பாட்டுத் தட்டு வரை வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூச்சி வந்தால் தவளை வரும். தவளையைத் தேடி யார் வருவார் என்பதும் தெரியும்.

செம்மண் புழுதி ஒருபக்கம், மழைச் சாரல் ஒருபக்கம். ஆகவே திறந்தவெளி விளக்கில் ஐபி 65 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு என்றால் தூசி புகாது, ஐந்து என்றால் பீய்ச்சுகிற தண்ணீர் புகாது. வயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதையுங்கள். எர்த்தும், கசிவு வந்தால் கண நேரத்தில் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் தோட்டத்துக்கு மின்சாரம் கொண்டுபோகாதீர்கள். மரத்தில் ஆணி அடித்து வயர் இழுப்பது கூடவே கூடாது. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் நம் மாவட்டத்து மரங்களை என்ன செய்தது என்று மறந்துவிட்டதா?

செடிகொடியும் ராத்திரியைக் கணக்கு வைத்திருக்கிறது. சாமந்தி பூப்பதைத் தள்ளிப்போட, பயிரிடுகிறவர்கள் இரவில் பல்பு எரிக்கிறார்கள். இருட்டு குறைந்தால் அது மொட்டு விடாது. பறவைகளுக்காக ஒரு ஊரே இருட்டில் இருந்ததும் உண்டு. 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் குருவி ஒன்று முட்டை வைத்துவிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கிற வரை, ஒரு மாதத்துக்கு மேல், அந்த ஊரார் தெருவிளக்கே போடவில்லை.

நண்பர் கடைசியில் ஐந்து விளக்கு மாட்டினார். நான்குக்கு டைமர், பத்து மணிக்கு அணைந்துவிடும். கேட் விளக்குக்கு மட்டும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரிகிற சென்சார். போன வாரம் போயிருந்தேன். முற்றத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். "அண்ணே, இங்கேருந்து நட்சத்திரம் தெரியுது, ஆனா சுரங்கத்துப் பக்கம் மட்டும் ஒண்ணுமே காணோம்" என்றார்.