செக்ரோலில் ஏறாத கதைகள்

(நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எழுத்தாளர்கள் தங்கள் நூல்களை எவ்வாறு எழுதினார்கள் என்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இலக்கிய இலக்கணங்களையெல்லாம் இங்கே அளந்துகொண்டிருக்க நான் விரும்பவில்லை. பாட்டாளியின் வாழ்க்கையை எழுதியவர்கள் அதை எப்படி அறிந்தார்கள், எப்போது எழுதினார்கள், எந்த மொழியில் எழுதினார்கள் என்னும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே 1940-களில் மருத்துவராகப் போனவர் டாக்டர் பி. எச். டேனியல். பிறகு தொழிற்சங்கப் பணியிலும் இறங்கினார். அதற்கு முந்திய தலைமுறை மலையேறி வந்து பட்ட துயரை அவர் கண்ணால் கண்டவர் அல்லர். முதிய தொழிலாளர்கள் சொல்லச் சொல்லக் கேட்டார். கேட்டதைத்தான் நாவலாக்கினார். 'ரெட் டீ' என்னும் அந்நூல் 1969-இல் வெளிவந்தது. ஆனால் எந்த மொழியில்? ஆங்கிலத்தில்! இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியது 2007-இல். கதை சொன்ன மக்களின் மொழிக்கு அவர்களுடைய கதை வந்து சேர 38 ஆண்டுகள் பிடித்தன. சொன்ன கிழவர்களில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள்?

நம் நாட்டுக்கு வருவோம். சயாம் மரண ரயில் பாதையை அறியாதவர் நம்மில் உண்டா? 1942-லும் 1943-லும் ஜப்பானியர் போட்ட அந்தப் பாதை ஏறக்குறைய 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை லாரியிலும் ரயிலிலும் அள்ளிப் போனார்கள். திரும்பாதவர் ஏராளம். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் வந்தது 1993-இல். தண்டவாளம் இணைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்! அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-இல் வந்தது. இவர்கள் எழுதினார்களே என்று மகிழ்கிறோம். ஆனால் எழுதப்படாமலே புதைகுழிக்குப் போன கதைகள் எத்தனை ஆயிரம்!

நிற்க. "நாங்கள் அதிகம் படிக்காதவர்கள், எங்களுக்கு எழுத வருமா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். 1950-51-இல் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். சிறுகதை எழுதும் முறையைப் பாடமாகவே பத்திரிகையில் சொல்லித் தந்தார்கள். பின்னாளில் இந்நாட்டில் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் பலர் அந்த வகுப்பில் உருவானவர்கள். அதன் பிறகு கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து அதே பத்திரிகையில் பணியாற்றி, இங்குள்ள இளைஞர்களுக்கு வழிகாட்டினார். எழுத்து கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உளி பிடிக்க நாம் ஒரே நாளில் கற்றோமா? ஆழ வெட்டினால் மரத்தில் காயம். மேலாக வெட்டினால் பால் இல்லை. கை பழகப் பழகத்தான் அளவு தெரிந்தது.

மொழியைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். அழகிரிசாமியின் ஊரான இடைசெவலைச் சேர்ந்தவர்தான் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத விவசாயி. தம் கரிசல் காட்டு மக்கள் பேசும் பேச்சிலேயே எழுதினார். அந்தச் சொற்களைத் திரட்டி அகராதியும் செய்தார். 1991-இல் சாகித்திய அகாதமி பரிசு அவரைத் தேடி வந்தது. அப்படியிருக்க, பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், காண்டா என்னும் நம் சொற்களுக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? அவற்றை விலக்கிவிட்டு எழுதினால் அது யார் வீட்டுக் கதையோ ஆகிவிடும்.

தோழர்களே! இந்த மாநிலத்தில் எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனையாகிவிட்டன. எத்தனையோ லயங்கள் இடிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இடத்தைக் காட்டிக் கதை சொல்ல இனி இடமும் இராது. இருப்பது முதியவர்களின் நினைவு ஒன்றே.

ஆகவே கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். செக்ரோலில் ஒரு பெண்ணின் பெயரையும், வேலை செய்த நாளையும், கூலியையும் எழுதினீர்கள். அவள் விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியதை எழுத அதில் கட்டம் இல்லை. இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். ஊரும் ஆண்டும் தவறாமல் குறியுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். "இப்படி இல்லையப்பா" என்று அவர் சொன்னால் மறுபடியும் எழுதுங்கள். பால் வெட்டும் தோழர்களே, உங்கள் தாய் தந்தையரைப் பேசச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தால் நீங்களே எழுதுங்கள்.

அதிலிருந்து நாளை ஒரு நாவல் பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். ஆனால் நம் பேரப்பிள்ளைகள் நம்மை அறிய வேறொரு மொழியிலிருந்து மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்குங்கள்.