எல்லைக் கோடும் ஏழையின் அடுப்பும்

 

எல்லை தாண்டிய வணிகம் என்றதும் நாரணாபுரத்தாராகிய நமக்குக் கள்ளத்தனமாய் வந்திறங்கும் சீனப் பட்டாசே நினைவுக்கு வருகிறது. ஆனால் எல்லையிலேயே குடியிருப்போர் அவ்வணிகத்தை எவ்வாறு காண்கின்றனர்? இதற்கு விடை பகர, தமிழர்கள் வாழும் மோரே என்னும் மணிப்பூர் எல்லையூர் இருக்கிறது.

1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. அதன்பின் கடைகள் அரசுடைமையாயின. 1964இல் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாதவையாயின. தேடிய பொருளை இழந்த தமிழர்கள் பல்லாயிரவர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். இங்கே பிழைக்க வழி காணாத சிலர் தரைவழியே மீண்டும் பர்மா செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கினர். அக்கரை மொழியும் பழக்கமுமே அவர்களது முதலீடாயின.

அவர்களுக்கு எல்லைக்கு அப்பாலுள்ள நம்பலாங் சந்தை அயல்நாடு அன்று, அடுத்த தெரு. காலையில் சென்று மாலையில் திரும்புவர். 1994இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்து, 1995 ஏப்ரலில் 22 பொருள்களுக்கு எல்லை வணிகத்தைத் திறந்தன. ஆயினும் பட்டியலில் இல்லாத பொருள்களும் தாராளமாய்ப் புழங்கின. அதிகாரி அதனைக் கடத்தல் என்றார். தலைச்சுமையாய்த் தூக்கியவரோ பிழைப்பு என்றார்.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை வாயில்கள் அடைபட்டன. 2023 கலவரத்தில் மோரேயின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எல்லையோர மக்கள் 16 கிலோமீட்டர் வரை சென்றுவர இருந்த சலுகை, 2024 இறுதியில் அனுமதிச் சீட்டுடன் 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. போதைப்பொருளும் ஆயுதமும் அவ்வழியே வருவதால் அரசின் கவலை பொய்யன்று. ஆனால் வாயில் அடைபடும்போது முதலில் அணைவது சுமைதூக்குவோரின் அடுப்பே.

அன்பர்களே! கந்தகத்துடன் குளோரேட் கலந்த வெடிகள் 1992இலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. அத்தகைய சரக்கை வேறு பெயரிட்டுக் கொள்கலனில் மறைத்துக் கொண்டுவருபவர், வாங்குவோரை ஏமாற்றுகிறார். நம் தொழிலாளியின் கூலியையும் பறிக்கிறார். அவரையும், அண்டை ஊர்ச் சந்தைக்கு அரிசி மூட்டை சுமப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. சட்டம் இருவருக்கும் உண்டு; ஆனால் வஞ்சகம் ஒருவரிடமே உண்டு. ஏழை நேர்வழியில் பிழைக்க வாயில் திறந்திருந்தால், கள்ளவழியின் தேவை தானே குறையும்.

நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் வல்ல அல்லாஹ் ஹலாலானதாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.