ஊசியும் தோல் உரிதலும்
(மாப்பிள்ளையூரணிக் கூட்டத்தில் பேசியது)



ஊசி குத்தியபின் சிலருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டு தோல் உரிகிறது என்பதைப்பற்றியே இன்று நாம் பேச வந்திருக்கிறோம். அப்படி நடப்பதேயில்லை என்று படித்தவர்கள் சிலர் அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். குத்திக்கொண்டால் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும் என்று வேறு சிலர் புரளி கிளப்புகிறார்கள். இரு சாராரும் விசாரித்துப் பார்த்தவர்களல்ல. நடப்பது நிஜம். எத்தனை பேரில் ஒருவருக்கு, எப்படிப்பட்டவருக்கு, என்ன காரணத்தால் என்பதல்லவா கேள்வி?

இந்தியாவில் முதன்முதல் அம்மை குத்தப்பட்டது 1802-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, பம்பாயில், மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு. பிற்காலத்தில் நம் மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாராயிற்று. அந்தப் பாலில் இருந்தது உயிருள்ள கிருமி. நல்ல தோலுள்ளவனுக்குக் குத்தின இடத்தில் ஒரு கொப்புளம் கண்டு, பொருக்கு உதிர்ந்து, தழும்போடு நின்றுவிடும். கரப்பான் உள்ள பிள்ளைக்கோ அந்தக் கிருமி கரப்பான் கண்ட இடமெல்லாம் படர்ந்து கொப்புளித்து உயிருக்கே உலை வைத்துவிடும். (உப்பளத்தில் நின்று வெடித்த காலை நாம் சொல்லவில்லை. சிறு வயது முதல் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் ஊறலெடுத்து நீர் கசிகிறதே, அந்தக் கரப்பானைச் சொல்லுகிறோம்.) அப்பிள்ளைக்குக் குத்தாமலிருந்தாலுங்கூட, கூடப் படுத்துறங்கும் அண்ணனுக்குக் குத்தின புண்ணிலிருந்து ஒட்டிக்கொள்ளும்.

1968-ல் அமெரிக்காவில் இதற்குக் கணக்கெடுத்தார்கள். முதல் தடவை குத்திக்கொண்டவர்களில் பத்து லட்சத்துக்குப் பத்து முதல் நாற்பது பேர் வரை கரப்பான் வழியாக இவ்வாறு அவஸ்தைப்பட்டார்கள். எல்லாக் கோளாறுகளையும் சேர்த்து இறந்தவர் பத்து லட்சத்துக்குச் சுமார் ஒருவர். பெரியம்மை கண்டாலோ நூற்றுக்குச் சுமார் முப்பது பேர் செத்தார்கள். வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றினதால் அந்த முப்பது இருபத்தொன்பதானதாக எந்தப் பூசாரியும் கணக்குக் காட்டவில்லை!

இதில் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது மற்றொன்று. தங்கள் நாட்டில் பெரியம்மை ஒழிந்துபோனபின் அமெரிக்கர் 1972-ல் எல்லோருக்கும் குத்துவதை நிறுத்திவிட்டார்கள். நோயே இல்லாதபோது பத்து லட்சத்தில் ஒரு சாவையும் ஏன் ஏற்கவேண்டும் என்று வைத்தியர்களே கேட்டார்கள். இந்தியாவில் 1975 மே மாதத்தோடு பெரியம்மை ஒழிந்தது. உலகத்தைவிட்டே ஒழிந்ததென்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. நம் நாட்டிலும் குத்துவது நின்றது. வேதம் இப்படி மாறுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்று நம் குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளில் அந்தக் கிருமி இல்லை. ஆனால் வேறொரு தோல் வியாதி உண்டு. 1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் எழுதி வைத்தது. காய்ச்சலோடு கண் சிவக்கும், வாய் புண்ணாகும், பிறகு தோல் தீப்பட்டதுபோல் கழன்று வரும். ஊசிக்குப்பின் இது வந்ததாக வெகு சில பேரே எழுதப்பட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வருவதில் பெரும்பாலும் காரணமாயிருப்பவை மாத்திரைகள்: சல்பா மருந்து, காக்காய்வலிப்பு மாத்திரைகளிற் சில, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபூரினால். சாப்பிட ஆரம்பித்துச் சில நாள் முதல் சில வாரங்களுக்குள் வரும். ஆகையால் ஊசி குத்தின அதே வாரத்தில் என்ன மாத்திரை விழுங்கினோம் என்று கேளாமல் ஊசிமேல் பழிபோடுவதும், ஊசி குத்தினதையே மறைத்து மாத்திரைமேல் பழிபோடுவதும் ஒரே தவறுதான்.

சர்க்காரும் இதை மூடிவைக்கக் கூடாது. யாரையும் ஊசி போட்டுக்கொள்ளும்படி கட்டாயப்படுத்த முடியாதென்றும், ஊசிக்குப்பின் நேரும் கோளாறுகளின் விவரம் ஜனங்கள் பார்க்கும்படி இருக்கவேண்டுமென்றும் கொரோனா ஊசி வழக்கில் 2022 மே 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. நாம் கொடுத்தால்தானே விவரம் இருக்கும்? எனவே ஊசிக்குப்பின் வாயில் புண்ணும் உடம்பில் கொப்புளமும் சேர்ந்து கண்டால் மந்திரிக்கப் போகாமல், சாப்பிட்டுவந்த மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசிச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும் ஊர் நர்சம்மாவிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யுங்கள்.